வில்வ இலை விழுந்த சோறு

அந்தப் பெரியவர் முட்டைக்கோசின் இலை ஒன்றை உரித்தெடுத்து, சமையற்கட்டு ஜன்னலின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். நீரில் அலசி மீண்டும் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அடுத்த இலை.

காலை ஏழு மணி இருக்கும். எங்கள் கோயிலுக்கு எதிர்ச் சந்தில் உள்ள கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டு அது. கோயில் பரிசாரகர் வேலாயுதம் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நாற்பது ஆண்டுகளாக அங்கே சமைப்பவர். அவர் நறுக்க எடுத்து வைத்த காயை அதுவரை எவரும் சோதித்ததில்லை.

"என்னய்யா தேடுறாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"பூச்சி."

"என் கோசுலயா?"

பெரியவரின் பெயர் எலியாஸ். யூதர். யாங்கோனுக்கு வந்திருந்த ஒரு கல்விப் பயணக் குழுவில் மூத்தவர். பூச்சி உண்பது அவர்கள் நெறியில் பெரும் விலக்கு. இலை மடிப்பில் ஒளிந்திருக்கும் அணுவளவு உயிர்கூட வயிற்றுக்குள் போகக்கூடாது. கோசு முடிந்ததும் வெள்ளைத் துணி ஒன்று கேட்டு வாங்கி, அரிசியை அதன்மேல் பரப்பினார். வேலாயுதம் சிறிது நேரம் பொறுத்திருந்தார். பிறகு தாமும் ஒரு துணியைக் கொண்டுவந்து எதிரே விரித்து உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் பொதுமொழி ஒன்றும் இல்லை. ஆனாலும் கால்மணி நேரத்தில், யார் அதிகம் குருணையும் வண்டும் பொறுக்கினார் என்பது அங்கே ஒரு பந்தயமாகிவிட்டது.

அந்தக் காட்சியோடு அன்றைய நாள் முடிந்திருக்கலாம். முடியவிடாமல் செய்தவன் நான்தான்.

நிமிடத்துக்கு நிமிடம்

வெளிநாட்டுப் பயணிகள் இந்நகருக்குத் தாராளமாக வந்துபோய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. இந்தக் குழுவில் இருபத்திரண்டு பேர். யூதர்கள் எங்கெங்கே வாழ்ந்தார்களோ அங்கெல்லாம் சேர்ந்து சென்று, ஆலயங்களையும் கல்லறைகளையும் வீடுகளையும் பார்த்து, எப்படி வாழ்ந்தார்கள் என்று கற்பது அவர்கள் வழக்கம். கொச்சியையும் கல்கத்தாவையும் முடித்துக்கொண்டு இங்கே வந்திருந்தார்கள்.

வழிநடத்தியவர் மிரியம் என்னும் அம்மையார். நெடுங்காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தவராம். கேட்காமலே தெரிந்தது. ஒன்பது பத்துக்கு யூதர் ஆலயம், ஒன்பது ஐம்பதுக்கு 'பழைய அண்டைவீட்டார் ஒருவரின் உரை', பதினொன்றே முக்காலுக்கு உணவு, ஒரு மணிக்குக் கல்லறைத் தோட்டம் என்று அச்சடித்த தாள் எல்லார் கையிலும் இருந்தது. பழைய அண்டைவீட்டார் என்பது நான். எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். கோயிலில் ஒரு பதிகத்தைப் பண்ணோடு நிறுத்திப் பாடவே எனக்கு அதைவிட நேரமாகும்.

என்னை இதில் இழுத்துவிட்டவள் நிலார். பயண வழிகாட்டித் தொழில் செய்கிறவள். அவள் தாயார் டோ மீனாட்சியை எங்கள் கோயிலில் அறியாதவர் இல்லை. மூத்த பெண்மணிகளை 'டோ' என்று மரியாதையாக அழைப்பது பர்மிய வழக்கம். இங்குள்ள தமிழருக்கும் அது பழகிவிட்டது. டோ மீனாட்சியின் கணவர் இன்சீன் ரயில் பணிமனையில் வேலை பார்த்துக் காலமானவர். அவருடைய முதலாண்டுத் திதி அந்த வாரத்தில் வந்தது. குழுவில் கடும் நெறியுடையோர் சிலர் உண்டு, ஊரில் அவர்கள் உண்ணத்தக்க கடை ஒன்றும் இல்லை என்று நிலார் சொன்னதும், "அப்பா பேருக்கு நாம போடுவோம். சைவச் சோறு யாருக்கு ஆகாது?" என்று தாயார் முடிவு செய்துவிட்டார். முழங்கால் வலியால் வீட்டைவிட்டு அதிகம் நகராத அம்மையார், வேலாயுதத்தை வரவழைத்துப் பருப்பின் அளவுவரை பேசியிருந்தார்.

அறங்காவலர் சபாபதி இதைக் கோயிலின் பெருமையாக மாற்றிக்கொண்டார். மண்டப வாயிலில் வரவேற்புப் பதாகை கட்டினார். யூதர்களின் விண்மீனையும் அதில் வரைந்திருந்தார். அவர்கள் விண்மீனுக்கு ஆறு முனை. பதாகையில் ஐந்து. சுட்டிக்காட்டினேன். "தூரத்திலேருந்து பார்த்தா ஒண்ணுதான் சயா," என்றார். ஆசிரியரையும் மூத்தோரையும் இங்கே சயா என்பார்கள். நான் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பதிகம் ஓதுவதால் எனக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

என் நாக்கு செய்த குற்றம்

எலியாஸ் விடிந்ததும் தனியே வந்தது உணவை முன்னிட்டுத்தான். அடுப்பைத் தாமே பற்றவைத்தார். அவர்கள் உண்ணும் சமையலுக்கு அவர்களில் ஒருவர் நெருப்பு மூட்ட வேண்டுமாம். பாத்திரங்கள் நான்கும் புதியவை. முதல் நாளே நிலார் சந்தையில் வாங்கி வைத்திருந்தாள். கோயிலுக்குள்ளே சமைக்கக்கூடாது என்று அவர்கள் முன்னமே கேட்டுக்கொண்டதால்தான் மண்டபத்துச் சமையற்கட்டு.

எனக்கு அவர்மேல் எரிச்சல் வரவில்லை. மடி, ஆசாரம் என்று நாம் சொல்வதை அவரும் சொல்கிறார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். நெறியைக் கடைப்பிடிப்பவனுக்கு நெறியைக் கடைப்பிடிப்பவனைப் புரியும் என்று ஒரு செருக்குக்கூட இருந்தது.

போகுமுன் என்னிடம் இரண்டு உறுதி கேட்டார். வெளிப்பொருள் எதுவும் இந்தப் பாத்திரங்களில் சேரக்கூடாது. சமைத்த உணவைத் தெய்வத்தின் முன் வைக்கக்கூடாது. வேற்று வழிபாட்டில் படைத்ததை அவர்கள் தொடமாட்டார்கள். அவர் கண்ணைப் பார்த்து, "என் வாக்கு," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு வேலாயுதத்திடம் திரும்பி முதல் உறுதியைச் சொன்னேன். "வெளியேயிருந்து ஒரு துளி நெய்கூடச் சேர்க்கக்கூடாது."

"சரிங்கய்யா."

இரண்டாவதைச் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. சமைத்ததை இறைவனுக்குக் காட்டாதே என்று நான் இந்த வாயால் எவரிடமும் சொன்னதில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் நிவேதனம் ஆகாத ஒரு பருக்கையை நான் உண்டதில்லை. மண்டபத்தில் சமைக்கிறோம், கோயிலில் அல்ல, இதுகூட வேலாயுதத்துக்கு விளங்காதா என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, உரையாற்றக் கிளம்பிவிட்டேன்.

பதினைந்து நிமிடம்

இருபத்தாறாம் தெருவில் பெயிண்டுக் கடைகளுக்கும் இரும்புச் சாமான் கடைகளுக்கும் நடுவே அந்த யூதர் ஆலயம் இருக்கிறது. உள்ளே போனால் தெருவின் இரைச்சல் அறுந்துபோகும். உயர்ந்த கூரையும், நீண்ட தண்டில் தொங்கும் மின்விசிறிகளும், பிரம்பு இருக்கைகளுமாக இருக்கும். நடுவே மேடை. எலியாஸ் அதன் அருகே நின்று தங்கள் பழைய துதி ஒன்றை மெல்லிய குரலில் ஓதினார். ஒவ்வோரடியின் இறுதியிலும் குரல் சற்றே மேலேறி நின்று பிறகு இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்கு ஒதுக்கிய நேரம் நான்கு நிமிடம் என்று மிரியம் கடிகாரத்தைக் காட்டினார்.

என் முறை வந்தது. அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவில், மாடிக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். கீழ்வீட்டில் ரேச்சல் அம்மையார் என்னும் யூதப் பெண்மணி, துணி வியாபாரம் செய்த தம் தமையனோடு இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் தாய் அதிரசமும் முறுக்கும் ரவாலாடும் தட்டில் அடுக்கி அவர் வீட்டுக்கு அனுப்புவாள். அம்மையார் இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார். தட்டை வெறுமையாகத் திருப்பாமல், ஷான் மலை ஆரஞ்சுப் பழங்களை அடுக்கி அனுப்புவார். பதினொரு தீபாவளி இப்படி நடந்தது.

இதைச் சொன்னேன். குழுவினர் எழுதிக்கொண்டார்கள். ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லிணக்கம் என்று மிரியம் இரண்டு முறை சொன்னார். நேரம் முடிந்தது. கதை முடியவில்லை. ஆனால் மீதியைச் சொல்லாமல் தப்புவதற்கு நேரம் முடிந்தது எனக்கு வசதியாக இருந்தது.

சொல்லாமல் விட்ட மீதி

இத்தொடரைப் படிப்பவர்களிடம் அந்த மீதியை மறைப்பதற்கில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பதினோராம் தீபாவளியன்று மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். ரேச்சல் அம்மையார் எங்கள் தட்டோடு பின்வாயிலுக்கு வருவதைக் கண்டேன். தலைத்துணியின் முனையால் தட்டை மூடியிருந்தார். அங்கே சைக்கா ஓட்டுநர் ஒருவர் காத்திருந்தார். சைக்கிளின் பக்கவாட்டில் இருக்கை பொருத்திய வண்டிதான் சைக்கா. அம்மையார் துணியை விலக்கினார். அந்த மனிதர் தம் துண்டை விரித்து, ஒரு லாடுகூட மிச்சமின்றி வாங்கிக்கொண்டார். அவர் வந்து நின்ற விதத்தைப் பார்த்தால் அது முதல் ஆண்டு அல்ல.

நான் நேரே அடுக்களைக்குச் சென்று என் தாயிடம் சொன்னேன். உண்மை பேசுகிறோம் என்ற பெருமிதத்தோடு சொன்னேன்.

என் தாய் பலகாரத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். வெகு நேரம் கழித்து, "ஒவ்வொரு வருஷமும் கேட்பேன், எப்படி இருந்துச்சுன்னு. 'வாங்கிக்கொண்டோம், மிகுந்த சந்தோஷம்'னுதான் சொல்லும். ஒருநாளும் ருசியா இருந்துச்சுன்னு சொன்னதில்லை," என்றாள்.

அடுத்த தீபாவளிக்குத் தட்டு இறங்கவில்லை. அன்று கீழ்வீட்டுக் கதவு இரண்டு முறை திறந்து மூடியது எனக்குக் கேட்டது. அதற்குச் சிறிது காலத்தில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கப்பல் கப்பலாக நம்மவர்கள் ஊர் திரும்பிய அதே நாட்களில் ரேச்சல் அம்மையாரும் தமையனும் புறப்பட்டார்கள். போகும் காலையில் ஒரு கூடை ஆரஞ்சோடு மாடி ஏறி வந்தார். என் தாய் வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று அழைக்கவில்லை. அந்தப் பழங்களை எங்கள் வீட்டில் எவரும் தொடவில்லை. கூடையிலேயே சுருங்கிப்போயின.

பித்தளைக் கிண்ணம்

ஆலயத்திலிருந்து எல்லாரோடும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தேன். குழுவினர் வாயிலில், ஐந்துமுனை விண்மீனின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வழியாகச் சமையற்கட்டுக்குள் நுழைந்தேன்.

வேலாயுதம் கையில் பித்தளைக் கிண்ணம். கோயில் கிண்ணம். அதிலிருந்த சோற்றைப் பெரிய பாத்திரத்துச் சோற்றின்மேல் பணிவாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆவி பறக்கும் வெள்ளைச் சோற்றின் உச்சியில் ஒரு வில்வ இலை விழுந்து ஒட்டிக்கொண்டது.

கோயில் சமையல் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் முதற்கரண்டி எடுத்துத் தனியே இறைவனுக்குப் படைப்போம். படைத்ததைத் திரும்பக் கொண்டுவந்து பெரும்பாத்திரத்தில் கலந்துவிடுவோம். கலந்ததும் அத்தனையும் பிரசாதம். படைக்கும்வரை சமைத்தவர் உப்புப் பார்க்கவும் கூடாது. இந்த முறை வழுவாமல் நடக்க வேண்டுமென்று வேலாயுதத்தை வாட்டி எடுத்தவன் வேறு யாருமில்லை.

"வேலாயுதம், என்ன காரியம் செய்தீர்?"

"என்னய்யா?"

"வெளியேயிருந்து எதுவும் சேர்க்கக்கூடாது என்றேனே."

"வெளியேயிருந்து எங்க சேர்த்தேன்? இதுல எடுத்தது இதுலயே வந்துச்சு." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "டோ மீனாட்சி வீட்டுக்காரர் பேருக்குப் போடுற சோறுங்க. சாமி பார்க்காத சோத்தையா போடச் சொல்றீங்க?"

என் வாயில் வராத சொல்லை அவர் காதில் கேட்டிருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்ப்பது?

சபாபதி வந்தார். விஷயத்தைக் கேட்டார். வில்வ இலையை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் வழியே போட்டார். "முடிஞ்சுது. இப்ப யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"சயா, தெய்வம் எல்லாம் ஒண்ணு. நீங்களே பாடுறீங்க."

வாழ்நாளில் என்னை மிகவும் சலிப்படையச் செய்த வாக்கியம் எதுவென்று கேட்டால் இதைச் சொல்வேன். எல்லாம் ஒன்று என்பதை உருகி உருகிப் பாடிய அடியார்கள், கோயிலுக்கு எடுத்த பூவை முகர்ந்து பார்க்கவும் அஞ்சினார்கள். இவர்களுக்கோ எல்லாம் ஒன்று என்றால் எதையும் செய்யலாம் என்று பொருள். சபாபதியிடம் இதை விளக்க அப்போது நேரம் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் பலமுறை விளக்கியிருக்கிறேன். பயனில்லை.

நிலார் வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டிருந்தாள். அவளுக்குப் பர்மியம்தான் சரளம். தமிழைச் சிறிது தேடித்தான் பேசுவாள். அன்று தேடவில்லை.

"சொல்லாதீங்க சயா. அம்மா ஒரு மாசமா இதையேதான் பேசுறாங்க. அப்பா பேரைச் சொல்லிச் சாப்பிடப்போறாங்கன்னு. நீங்க சொன்னா ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க. இருபத்திரண்டு பேரும் ஒரே பந்தி. ஒருத்தருக்கு ஆகாதுன்னா எல்லாருக்கும் ஆகாது. அதுதான் அவங்க ரூல்."

"வாக்குக் கொடுத்துவிட்டேன் அம்மா."

"வாக்கை வேலாயுதம் அண்ணன்கிட்டக் கொடுத்திருக்கணும்."

சரியான அடி. வாங்கிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஐம்பது ஆண்டுக்கு மேலாக எனக்குப் புலப்படாத ஒன்று புலப்பட்டது. தீபாவளித் தட்டைக் கொடுத்தனுப்பும்போது என் தாய் தவறாமல் ஒரு செய்தியும் சொல்லியனுப்புவாள்: 'சாமிக்குப் படைத்தது, முதல் தட்டு உங்களுக்குத்தான்.' அதைவிட உயர்ந்த மரியாதை அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு செய்திதான் ரேச்சல் அம்மையாரின் வாயைக் கட்டிப்போட்டது. மறுத்தால் என் தாய் நோவாள். உண்டால் தம் நெறி போகும். ஆகவே வாங்கிக்கொண்டார். பொய் சொல்லாமல், வாங்கிக்கொண்டோம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, பதினோராண்டு அந்தத் தட்டைப் பின்வாயில்வரை சுமந்தார். அவருக்குத் தெரிந்தே கொடுத்தோம். இந்த எலியாசுக்கோ தெரியாமலே கொடுக்கச் சொல்கிறார்கள்.

வாசற்படி

எலியாஸ் மண்டபப் படியில் இரட்டைக் கைப்பிடி வைத்த ஒரு குவளையில் நீர் பிடித்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டால், தாங்கள் கொண்டுவந்த ரொட்டியை வாயில் இடும்வரை அவர்கள் பேசுவதில்லை. காலையில் அவரே சொன்னது. நான் ஓடினேன். எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவன் வேட்டியை ஒரு கையில் பற்றிக்கொண்டு ஓடுவது அழகான காட்சி அல்ல.

குவளையைச் சாய்க்கும் முன் சொல்லிவிட்டேன். உணவு படைக்கப்பட்டுவிட்டது, பிழை சமையற்காரருடையது அல்ல, அவருக்கு நான் சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். காலையில் சொல்லாமல் விட்ட மீதிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை.

அவர் குவளையைக் கீழே வைத்தார். "பதினொரு முறையா?" என்று கேட்டார்.

"பதினொரு முறை."

"அவ்வளவு தூரம் சுமப்பது எளிதல்ல," என்றார்.

அடுத்த கால்மணி நேரம் அந்தப் படிக்கட்டில் நடந்த வாதத்தை முழுவதும் எழுதினால் இந்த வாரத்துப் பக்கங்கள் போதா. தெரியாமல் நடந்ததற்கு விலக்கு உண்டா, சாம்பாரில் கலந்தது, அவர்கள் கணக்கில் இல்லாததற்குச் சமமான அறுபதில் ஒரு பங்குக்குள் அடங்குமா, பங்கு பார்ப்பது இதற்குப் பொருந்துமா என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். தமக்கு மறுப்பே இல்லை என்றும் பசிக்கிறது என்றும் ஒரு மருத்துவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இருப்பதுபோலவே உணர்ந்தேன். கடைசியில் ஒரே பந்தி என்ற விதியே வென்றது. மிரியம் அச்சடித்த தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். அதற்குமுன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பள்ளியில் அத்தகைய பார்வையை நான் கடைசியாகப் பெற்றது ஆறாம் வகுப்பில்.

தோல் உரிக்காத வாழைப்பழமும் வறுத்த நிலக்கடலையும் தங்கள் ரொட்டியும் கொண்டு இருபத்திரண்டு பேரும் பசியாறினார்கள்.

எலியாஸ் மட்டும் சமையற்கட்டு வாயில்வரை வந்தார். உள்ளே நுழையாமல் நின்று, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அவர் மனைவி ரொட்டிக்கு மாவு பிசையும்போதெல்லாம் முதலில் ஒரு கட்டி கிள்ளியெடுத்து, எவரும் உண்ணாமல் நெருப்பில் இடுவாராம். ஒருநாள் மட்டும் அதை விட்டுவிடு என்று யாராவது கேட்டால், அன்று வீட்டில் ரொட்டியே இருக்காதாம். சமையற்காரர் செய்ததில் தவறில்லை என்றார்.

வேலாயுதம் கவனமாகக் கேட்டார். "அப்ப ஏன் கோவம்?"

"கோபம் இல்லை. உண்ண மாட்டார், அவ்வளவுதான்."

"அது கோவத்தைவிட மோசமுங்க," என்றார் வேலாயுதம். ஆனாலும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். பெரியவரும் தலை தாழ்த்தினார்.

தட்டு

சோறு வீணாகவில்லை. சந்து முனையில் சரக்கு இறக்கும் ஆட்களை நிலார் அழைத்துவந்து மண்டபத்தின் பின்கூடத்தில் உட்காரவைத்தாள். வண்டியை விட்டு நகர முடியாத சைக்கா ஓட்டுநர்களுக்கு யாரேனும் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று வேலாயுதம் சொன்னார். செய்த பிழைக்கு அதையாவது செய்வோம் என்று, சோறும் சாம்பாரும் கோசுப் பொரியலும் வைத்த ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வாயிலுக்கு நடந்தேன். பயணிகளின் பேருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட ஆயத்தமாக உறுமிக்கொண்டிருந்தது. நிலார் அதில் ஏறுவதற்காக எனக்குப் பின்னால் வந்தாள்.

அப்போது எதிரே ஒரு சைக்கா வந்து நின்றது. டோ மீனாட்சி, கோடிப் புடவை உடுத்தி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

என் கை தானாகவே எழுந்து, தோளிலிருந்த துண்டின் முனையைத் தட்டின்மேல் இழுத்து மூடியது. மூடிய பிறகுதான் இதை எங்கே கண்டோம் என்று நினைவு வந்தது.

"சயா," என்றார் அவர். பேருந்தின் ஜன்னல்களில் தெரிந்த முகங்களைப் பார்த்து அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "வந்தவங்க சாப்பிட்டாங்களா? அவர் பேரு சொன்னீங்களா?"

பின்னால் நிலாரின் செருப்போசை நின்றது. படியில் எலியாசிடம் ஓடிச்சென்று உண்மையைச் சொன்னவன், இப்போது இவளுடைய தாயிடம் என்ன சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

"வாங்கிக்கொண்டார்கள் அம்மா," என்றேன். "மிகுந்த சந்தோஷம்."

டோ மீனாட்சி கண்ணை மூடித் திறந்தார். "அவருக்கு இப்படி நாலு பேர் வந்து போற வீடுன்னா ரொம்பப் பிடிக்கும்," என்று சொல்லிவிட்டுக் கோயிலை நோக்கி நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றித் தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்வரை நானும் நிலாரும் பார்த்திருந்தோம்.

"படியில அந்தத் தாத்தாவுக்கு ஒண்ணு, வாசல்ல அம்மாவுக்கு ஒண்ணா சயா?" என்றாள் நிலார்.

பதில் தேடினேன். பாடிப் பாடி மனப்பாடமான எந்தப் பதிகத்திலும் அது அகப்படவில்லை.

அவள் பேருந்துப் படியில் ஏறித் திரும்பினாள். பிறகு, "யாபாடே," என்றாள். பரவாயில்லை என்று பொருள். "அம்மா என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்." பேருந்தின் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

டோ மீனாட்சியை ஏற்றிவந்த சைக்கா ஓட்டுநர் நிழலில் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டை விலக்கித் தட்டை நீட்டினேன். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வண்டியின் இருக்கையிலேயே உட்கார்ந்து, சாம்பாரைப் பிசைந்து பெரும் கவளமாக உண்ணத் தொடங்கினார்.

என் தாயின் லாடு எப்படி இருந்தது என்று அந்தக் காலத்துச் சைக்கா ஓட்டுநரை எவரும் கேட்டதில்லை. இவரிடம் கேட்டேன், பர்மியத்தில், எப்படி இருக்கிறது என்று.

அவர் மென்றபடியே சிறிது யோசித்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். உப்புதான் கொஞ்சம் கூடுதலாம்.